சிறார் நாவல் எழுதுவோர் கேள்வி–பதில்: நோயும் மேட்டுத்தெருவும்

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே களம்: மந்திரம் இல்லாத ஒரு கற்பனை நாடு, அங்கே பரவும் நோய், அந்த நோய்க்காக ஏழைத் தெருவின் மேல் விழும் பழி. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மந்திரவாதியும் இல்லை, பறக்கும் குதிரையும் இல்லை என்றால் கற்பனை நாடு எதற்கு? கதையை நம் ஊரிலேயே நடத்தலாமே? — வாசகர், கும்பகோணம்

நடத்தலாம். ஆனால் அப்போது ஆண்டு, சட்டம், தெருப்பெயர், சாதிப்பெயர் அத்தனையும் சரியாக இருக்க வேண்டும். அது வரலாற்று நாவலின் உழைப்பு. கற்பனை நாட்டில் கிடைப்பது வேறொன்று. பத்து வயதுப் பிள்ளை நம் ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும், யார் பக்கம் நிற்பது என்று வீட்டில் கேட்டுப் பழகிய பதிலோடு கதைக்குள் வரும். சாயம் தோய்க்கிறவர்களைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற ஓர் ஊரைப் படிக்கும்போது அந்தப் பழைய பதில் கைகொடுக்காது. ‘இவர்களை ஏன் இப்படி நடத்துகிறார்கள்?’ என்று தானாகவே கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்விக்காகத்தான் கற்பனை நாடு.

ஒரு எச்சரிக்கை. உண்மையான சாதிகளுக்கு ஒன்றுக்கு ஒன்று முகமூடி மாட்டாதீர்கள். பிள்ளைகள் முகமூடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார்கள். பிறகு மிஞ்சுவது விடுகதை. தொழில், குடியிருக்கும் உயரம், குடிக்கும் தண்ணீர், மாலைக்கு மேல் எந்த வாசல் வழியே போகலாம் என்ற விதி ஆகியவற்றிலிருந்து புதிதாக ஒரு மேல்–கீழைக் கட்டுங்கள். மந்திரம் இல்லை என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லாம் நம் உலகம் போலவே நடக்க வேண்டும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். பஞ்சத்தில் தானியம் விலை ஏறும்.

கேள்வி: என் நாவலில் ‘நீலக் காய்ச்சல்’ என்று ஒரு நோய். பலர் விழுகிறார்கள், சிலர் சாகிறார்கள். படித்த நண்பர் ‘நோயை நம்ப முடியவில்லை’ என்கிறார். என்ன குறை? — வாசகி, திருநெல்வேலி

உங்கள் நோய்க்கு ஒழுங்கு இல்லை. கதைக்குத் தேவைப்பட்டபோது விழுகிறார்கள், தேவைப்பட்டபோது எழுந்திருக்கிறார்கள்.

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் நோயின் உண்மை. எதன் வழியே பரவுகிறது, உடம்புக்குள் போன எத்தனையாவது நாளில் முதல் அறிகுறி, மிக மோசமான நாள் எது, பத்துப் பேரில் எத்தனை பேர் இறப்பார்கள், பிழைத்தவருக்கு மறுபடி வருமா, யாரை அது தொடுவதே இல்லை. இன்னொன்றில், இதே கேள்விகளுக்கு அந்த ஊர்ப் பெரியவர்கள் நம்பும் பதில். இரண்டு தாளும் எங்கெல்லாம் முரண்படுகின்றனவோ அங்கெல்லாம் உங்களுக்கு ஒரு காட்சி இருக்கிறது. முரண்பாடே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது நோய்க்கதை மட்டும். பழி பற்றிய கதை இன்னும் பிறக்கவில்லை.

நோயைச் சூனியத்திலிருந்து படைப்பதைவிட, உண்மை நோய் ஒன்றின் எலும்புக்கூட்டை எடுத்துப் புதுப்பெயர் கொடுப்பது பத்திரம். காலரா தண்ணீரிலும் உணவிலும் வரும். சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தாக்கும். இரண்டு வாரத்தில் நடந்து முடியும் வேகமான கதைக்குப் பொருந்தும். பிளேக்கில் முதலில் சாவது எலி. அதன் உடம்பை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிக்கிறது. ஆகவே தானியக் கிடங்கைக் கூட்டுகிறவருக்குத்தான் ஆபத்து முதலில் தெரியும், அதிகாரிக்கு அல்ல. இந்த ஒரு உண்மையிலேயே வர்க்கக் கதை பாதி இருக்கிறது. பெரியம்மை உடம்புக்குள் போய் ஏறத்தாழ 12 நாள் கழித்துத்தான் தெரியவரும். பிழைத்தவர்களுக்குப் பொதுவாக மறுபடி வராது. முகத்தில் தழும்பு உள்ளவர்கள் மட்டுமே பயமின்றி நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க முடியும் என்றால், நேற்று வரை ஒதுக்கப்பட்ட அந்தத் தழும்பு முகங்களை ஊர் தேடி வரவேண்டியிருக்கும்.

அதிகமாகச் சறுக்கும் இடம் நாள் கணக்கு. மூன்றாம் அத்தியாயத்தில் நான்கு நாள் எடுத்த நோய், ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரே இரவில் வரக்கூடாது. ஒரு பழைய நாள்காட்டியை எடுத்து, யார் என்று தொற்றினார், என்று படுத்தார், என்று எழுந்தார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற வாசகர்கள்.

கேள்வி: நுண்ணோக்கி இல்லாத நாடு. கதாநாயகிக்கு வயது பதினொன்று. நோயின் காரணத்தை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? ஞானி ஒருவர் வந்து சொல்வதாக வைக்கலாமா? — வாசகர், யாழ்ப்பாணம்

ஞானி வேண்டாம். எண்ணத் தெரிந்த பெண் போதும்.

1854-இல் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ கிருமியைக் கண்டு காரணத்தைச் சொல்லவில்லை. இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். சாவுகள் ஒரு தெருக்குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது அந்தக் குவியலை அல்ல, அதற்குள் அடங்காத வீடுகளை. குழாய்க்கு அருகே ஏழைகளுக்கான பணிவிடுதி ஒன்றில் 535 பேர் இருந்தார்கள். இறந்தது ஐந்தே பேர். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அங்கிருந்த மதுவடிப்பாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். எவரும் காலராவில் சாகவில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை, பியர்தான் குடித்தார்கள். தொலைவில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு மூதாட்டி இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். கணக்குக்கு வெளியே நின்ற இந்த மூன்றும்தான் கணக்கை நிரூபித்தன. செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணியத் தொடங்கிவிட்டிருந்தது என்பதையும் ஸ்னோவே ஒப்புக்கொண்டார். மொத்தச் சாவு 616. அந்தப் பகுதிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் முதலில் ஸ்னோவை நம்பவில்லை. தவறென்று காட்டத்தான் வீடு வீடாகப் போனார். கடைசியில், அந்தத் தெருக்குழாய்க்குத் தண்ணீர் தந்த கிணற்றை ஒட்டிய வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவர். ஏழைத் தெருக்களை நன்கு அறிந்தவர் என்பதால் சனங்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

இதை உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். முப்பது வீடு, மூன்று கிணறு. மேட்டில் வசதியானவர்கள், பள்ளத்தில் சாயம் தோய்க்கிற ஏழைகள். மேட்டுக்கிணற்றில் மொள்ளும் 10 வீட்டில் நோய் ஒன்றில். நடுக்கிணற்றின் 8 வீட்டில் ஒன்றில்கூட இல்லை. பள்ளக்கிணற்றை ஒட்டிய 12 வீட்டில் ஒன்பதில். உங்கள் பெண் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டே இதைக் காட்டிவிடுவாள். பிறகு மிச்சம் நான்கு வீடு. பள்ளத்தில் நோய் வராத மூன்றில் ஒன்று எப்போதும் காய்ச்சிய கஞ்சித் தண்ணீரே குடிக்கும் வீடு. இன்னொன்று அறுவடைக் கூலிக்கு வெளியூர் போயிருந்தது. மூன்றாவது ஆற்றில் மொள்ளும் வீடு. மேட்டில் நோய் வந்த அந்த ஒற்றை வீட்டில் படுத்திருப்பவன், பள்ளத்துப் பையனோடு ஒளிந்து விளையாடிவிட்டு அங்கேயே தண்ணீர் குடிக்கிறவன். அதை அவன் வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அடி விழும். அவன் வாய் திறக்காதவரை கணக்கு முடியாது. பாருங்கள், சான்றை மறைப்பது தீண்டாமைதான். தனியாக வில்லன் தேவைப்படவில்லை.

அவள் ஒரு முறை தவறவும் வேண்டும். அன்று லண்டனில் படித்தவர்களே நாற்றத்தால்தான் நோய் வருகிறது என்று நம்பினார்கள். உங்கள் பெண்ணும் முதலில் சாயத்தொட்டி நாற்றத்தைச் சந்தேகிக்கட்டும். தொட்டி ஓரமே படுத்துறங்கும் பிள்ளைகள் நன்றாக இருப்பதைப் பார்த்துத் தன் எண்ணத்தைக் கைவிடட்டும். தான் நினைத்தது தப்பு என்று ஒரு பிள்ளை ஒப்புக்கொள்ளும் அத்தியாயம் உங்கள் நாவலின் முதுகெலும்பாக அமையும்.

கேள்வி: தொற்றாத நோயை வைத்து இப்படி ஒரு நாவல் எழுத முடியுமா? — வாசகி, ஈரோடு

முடியும். எங்களைக் கேட்டால், தொற்றுநோயைவிட அது ஆழமான கதையாக வரும். இதற்கு உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கில் பரவியது. தோல் தடித்து உரியும், வயிற்றுப்போக்கு, பிறகு புத்தி தடுமாற்றம், சாவு. பஞ்சாலைத் தொழிலாளர், கூலி விவசாயிகள், அனாதை விடுதிப் பிள்ளைகள், மனநல விடுதிகளில் இருந்தவர்கள்தாம் அதிகம் விழுந்தார்கள். தொற்று என்றார்கள், பரம்பரைக் கோளாறு என்றார்கள், அழுக்கு என்றார்கள். 1914-இல் அனுப்பப்பட்ட அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் கவனித்தது ஒன்று: விடுதியில் இருப்பவர்களுக்கு வருகிறது, அவர்களோடேயே நாளெல்லாம் இருக்கும் பணியாளர்களுக்கு வருவதில்லை. தொற்று என்றால் அப்படி ஆள் பார்த்து விடுமா?

மிசிசிப்பியின் ஜாக்சன் நகர அனாதை விடுதியில் அவர் பார்த்தது இன்னும் கூர்மையானது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரிதாக இல்லை. பன்னிரண்டுக்கு மேலேயும் அதிகம் இல்லை. நடுவே உள்ளவர்களுக்குத்தான். சின்னவர்களுக்குப் பால் கொடுத்தார்கள். பெரியவர்கள் வேலை செய்வதால் கொஞ்சம் இறைச்சி கிடைத்தது. நடுவயதுப் பிள்ளைகளின் தட்டில் மக்காச்சோளமும் பாகும்தான். பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்ததும் நோய் போய்விட்டது. தொற்றில்லை என்று காட்ட 1916-இல் அவரும் அவர் மனைவியும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். சிலர் கழிவையும் விழுங்கினார்கள். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை. அப்போதும் பலர் ஏற்கவில்லை. எங்கள் மாநிலத்தில் பட்டினியா என்று கோபப்பட்டார்கள். குறைபட்ட பொருள் நயாசின் என்ற வைட்டமின் என்பது 1937-இல்தான் உறுதியானது. கோல்ட்பெர்கர் 1929-லேயே இறந்துவிட்டார்.

உங்கள் வாசகர்களுக்கும் அதே நடுவயதுதான். ஒரு விடுதி, மூன்று பந்தி, மூன்று விதச் சாப்பாடு. நோய் எந்தப் பந்தியில் உட்காருகிறது என்று ஒரு பெண் கவனிக்கிறாள். ஆனால் ஒன்று: சத்துக் குறைபாட்டு நோய் ஒரே வாரத்தில் வராது, மாதக்கணக்காகும். கதை ஒரு முழுப் பருவத்துக்கு நீள வேண்டும். தீர்வு கண்ட பிறகும் சண்டை முடியாது. ஏனென்றால் மருந்து வாங்கித் தருவது எளிது. பந்தியை மாற்றுவது கடினம்.

கேள்வி: பிரசங்கம் செய்யாமல் வர்க்க வெறுப்பைக் காட்டுவது எப்படி? என் கதையில் எல்லாரும் நீளமாகப் பேசுகிறார்கள். — வாசகர், மதுரை

பேச்சை வெட்டிவிட்டுக் கயிற்றைக் கட்டுங்கள். 1900-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிளேக் பயத்தில் சீனர் குடியிருப்பைக் கயிறு கட்டி அடைத்தார்கள். வெள்ளையர் கடைகள் வந்த இடத்தில் எல்லை வளைந்து அவற்றை வெளியே விட்டுவிட்டுப் போனது. தெள்ளுப்பூச்சிக்குக் கடைக்காரரின் நிறம் தெரியாது என்று ஆசிரியர் எழுத வேண்டியதே இல்லை. கயிறு எங்கே வளைகிறது என்று ஒரு பையனை நடக்கவிட்டுப் பார்க்க வையுங்கள்.

அடக்குமுறைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பையும் செயலாகவே காட்டலாம். 1897-இல் புனேயில் பிளேக் தேடுதல் என்று சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள். நோயாளியை இழுத்துப் போவார்கள் என்று தெரிந்ததும் சனங்கள் நோயாளிகளை மறைத்தார்கள். மறைத்தால் பரவும். பரவினால் இன்னும் கடுமை. இந்தச் சக்கரம் மூன்று அத்தியாயத்துக்குப் போதும். ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் கேம்ப் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நோய்க்காவலில் நிறுத்திவைத்த முகாமின் பெயர்தான் ஊரோடு ஒட்டிக்கொண்டது. காத்திருப்பவர் வரிசை, துணியை வேகவைக்கும் நீராவி, கையில் ஒரு சீட்டு: காட்சிக்கு இவையே போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் இல்லாத ஒரு கருவி உண்டு: ‘வா’வும் ‘வாங்க’வும். ஒன்பது வயதுச் சிறுமி அறுபது வயதுத் தண்ணீர்க்காரரை ‘ஏ, இங்க வா’ என்கிறாள், அவர் அவளை ‘வாங்கம்மா’ என்கிறார். ஒரு வரியில் ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. முதல் ஐந்து அத்தியாயம் இதை யாரும் கவனிக்காத வழக்கமாகவே நடத்துங்கள். நோயில் அவர் அவள் தம்பியைக் காப்பாற்றிய பிறகு, ஒரு காலையில் அவள் வாயில் ‘உட்காருங்க’ வரட்டும். அதை விளக்கி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

கைப்பிரதிகளில் அடிக்கடி பார்க்கும் பிழை: மேட்டுத்தெருக்காரர் நல்ல தமிழ் பேச, பள்ளத்தெருக்காரர் மட்டும் கொச்சை பேசுவார். கதை வெறுப்புக்கு எதிராக வாதாடும்போதே எழுத்து அந்த வெறுப்பைச் செய்துவிடுகிறது. பேச்சுவழக்கு வேண்டுமென்றால் எல்லாருக்கும் கொடுங்கள். மேட்டுத்தெருவின் கொச்சையும் கொச்சைதான்.

கேள்வி: முடிவில் மலை உச்சியிலிருந்து அபூர்வ மூலிகை கொண்டுவந்து ஊரைக் காப்பாற்றுகிறார்கள். பதிப்பாசிரியர் மாற்றச் சொல்கிறார். ஏன்? — வாசகி, சிங்கப்பூர்

அந்த மூலிகை மந்திரக்கோலுக்கு இன்னொரு பெயர் என்பதால். மந்திரம் இல்லை என்று வாசகருக்குக் கொடுத்த வாக்கைக் கடைசியில் மீறுகிறீர்கள். இன்னொரு காரணமும் உண்டு: படித்த பிள்ளை தோட்டத்தில் அதைத் தேடித் தின்று பார்க்கும்.

எளிய பொருளில் முடிவைத் தேடுங்கள். 1971-இல் வங்காளதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளியின் உறவினர்களே மொண்டு குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். அதற்கு முன் 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடல் சுவரைத் தாண்டும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னாலே தண்ணீர் போகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் தங்காததற்கும் கலவை தங்குவதற்கும் காரணம் இதுதான். வீட்டு அளவு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை கூடினால் பேதி கூடும். நாவலில் அளவு எழுதினால் சரியாக எழுதுங்கள். பின்குறிப்பில், இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு–சர்க்கரைக் கலவை) பொட்டலமே நல்லது என்றும் சேருங்கள்.

அரிசி மாவுச்சத்தும் சர்க்கரையின் வேலையைச் செய்யும். ஆகவே உங்கள் கற்பனை நாட்டில் பள்ளத்தெருக் கிழவி ஒருத்தி காலங்காலமாகக் கொடுத்து வரும் உப்புக்கஞ்சி உண்மையிலேயே உயிர் காக்கலாம். அவள் கையால் வாங்கிக் குடிக்க மேட்டுத்தெரு தயாரா? உங்கள் உச்சக்காட்சி மலையில் இல்லை, அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

கேள்வி: உருவத்தைச் சிதைக்கும் நோய் ஒன்றை வைத்திருக்கிறேன், தொழுநோய் மாதிரி. பயமுறுத்தாமல் எழுதுவது எப்படி? — வாசகர், வேலூர்

‘விரல் அழுகி விழுந்தது’ என்று எழுதாதீர்கள். உங்கள் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1940-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், நோய் விரலைத் தின்பதில்லை என்று காட்டினார். நரம்பு மரத்துவிடுவதால் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், செருப்பில் ஆணி குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் விரல் குறைகிறது. சிலருக்கு இரவில் விரல் காணாமல்போன மர்மத்துக்கும் காரணம் கிடைத்தது: தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். சிறார் நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அருவருப்பாகப் பார்த்த கையைப் பாதுகாக்க ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளை.

மற்ற உண்மைகள்: கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-இல் கண்டார். தொற்றினாலும் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு, சில சமயம் இருபது ஆண்டுகூட ஆகும். பெரும்பாலோரின் உடம்பு இயல்பாகவே அதை எதிர்த்துவிடும். கூட்டுமருந்தில் முழுதாகக் குணமாகும். நோயாளிகளைப் பிரித்துவைக்க 1898-இல் வந்த சட்டம் இந்தியாவில் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கதையில் நோயின் பெயராலேயே ஆளைக் கூப்பிடுகிறவர் கதாபாத்திரமாக இருக்கலாம், கதைசொல்லியாக இருக்கக்கூடாது. தழும்பு முகத்தை வில்லனுக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நோய்க்குப் பெயர் வைக்க என்ன வழி? — வாசகி, கோயம்புத்தூர்

இரண்டு பெயர் வையுங்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. பெயரே பழி சுமத்தும். 1918-இன் காய்ச்சலுக்கு ஸ்பெயின் பெயர் ஒட்டிக்கொண்டது. அது அங்கே தொடங்கியதால் அல்ல, போரில் இல்லாத அந்நாட்டுப் பத்திரிகைகள் தணிக்கையின்றி எழுதியதால். இப்படிப்பட்ட கெடுதலைத் தவிர்க்கத்தான் 2015-இல் உலக சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர், மக்கள், தொழில் ஆகியவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்றது. உங்கள் ஊரில் மேட்டுத்தெரு ‘சாயக்காரன் காய்ச்சல்’ என்கட்டும். சாயக்காரர்கள் அறிகுறியை வைத்து ‘உலர்வாய்’ என்கட்டும். எந்தப் பாத்திரம் எப்போது ஒரு பெயரை விட்டு மற்றதற்கு மாறுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது மனமாற்றத்தின் கணக்கு.

நோயைப் பழிக்காமல் அழைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ‘அம்மை போட்டிருக்கு’ என்கிற வீட்டில் நோயாளி விரட்டப்படுவதில்லை. வேப்பிலை வைத்துப் பார்த்துக்கொள்ளப்படுகிறார். உங்கள் கோவையிலேயே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஒரு சமூகம் பயத்துக்குக் கும்பிடக்கூடிய முகம் கொடுத்த விதம் அது. கற்பனை நாட்டில் அதற்கு இணையான ஒன்றைப் படைத்தால், மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். நோயாளியை அது தனியே விடவில்லை என்பதையும் காட்டுங்கள்.

கேள்வி: குழந்தைகள் புத்தகத்தில் சாவு எவ்வளவு இருக்கலாம்? — வாசகர், சென்னை

எண்ணிக்கையைவிட யார் சாகிறார் என்பதுதான் பெரிது. பள்ளத்தெருப் பிள்ளை செத்து, அதைக் கண்டு மேட்டுத்தெருப் பிள்ளை திருந்துகிற கதை இங்கே ஏராளம். ஏழைக் குழந்தையின் உயிரைப் பணக்காரக் குழந்தையின் பாடத்துக்குச் செலவழிப்பது அது. அப்படி வந்திருந்தால் முழுக் கதையையும் திரும்பப் பாருங்கள். பள்ளத்துப் பிள்ளைக்கும் கோபம், ஆசை, தப்பு, வெற்றி எல்லாம் வேண்டும்.

மற்றபடி, வாசகர் அறிந்த ஒருவர், பெயரோடு, கதையின் பாதிக்கு மேல். நோயின் கோரத்தை உடல் விவரமாக எழுத வேண்டாம். திறக்காத ஜன்னல், மடித்து வைத்த பாய், ஒரு தட்டு குறைந்த பந்தி போதும். மற்ற இறப்புகளை எண்ணாகச் சொல்லாமல், ‘நெசவுக்காரரும் அவர் அக்காவும்’ என்று ஆளாகச் சொல்லுங்கள். சாவுக்கு அடுத்த அத்தியாயத்தில் புதுத் திருப்பம் வைக்காதீர்கள். யாராவது சமைக்கட்டும், யாராவது சாப்பிடட்டும். நோயாளியைச் சுற்றி இருந்த பிள்ளை ‘என்னால்தான் வந்ததா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலைத் தெளிவாகக் கேட்கும் ஓர் இடம் கட்டாயம் வேண்டும். வீட்டில் நோய் கண்ட பிள்ளைகள் வெளியில் சொல்லாமல் சுமக்கும் கேள்வி அது.

கேள்வி: எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? — வாசகி, மட்டக்களப்பு

தமிழில் ஒரே சொல்லில் நிறைய அடங்கிவிடுவதால் ஆங்கில நூல்களின் சொற்கணக்கை வைத்து அளக்காதீர்கள். இந்த வயதுக்கு 20,000 முதல் 28,000 சொல், அத்தியாயம் 1,200 சொல்லுக்குள், ஊரின் வரைபடம் முதல் பக்கத்தில். வரைபடத்தில் மூன்று கிணறும் இருக்கட்டும், கழிவு வாய்க்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதும் மெல்லிய கோடாக இருக்கட்டும். அச்சுக்கு முன் ஐந்தாறு பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பாதிக் கதையில் நிறுத்தி, ‘எந்தக் கிணறு?’ என்று கேளுங்கள். எல்லாரும் சரியாகச் சொன்னால் சான்றை மிக முன்னால் கொடுத்துவிட்டீர்கள். ஒருவரும் வரைபடத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றால், பள்ளக்கிணற்று அத்தியாயத்தை மறுபடி எழுதுங்கள்.